சவாசனத்தில் படபடக்கிறது, உடலை நடுங்கவிடும் பயிற்சிக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. தஞ்சாவூரில் அரசுடைமை வங்கி ஒன்றில் கடன் பிரிவில் வேலை. இரண்டு வருடமாகக் கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கின்றன. காலையில் எழுந்தால் தாடை வலி. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன் என்று கணவர் சொல்கிறார். எட்டு மாதமாக யோகா வகுப்புக்குப் போகிறேன். ஆசனம் செய்யும்போது நன்றாகத்தான் இருக்கிறது. கடைசியில் சவாசனத்தில் கண்ணை மூடிப் படுத்தால் மட்டும் நெஞ்சு படபடக்கிறது, எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கிறது. மாஸ்டர், “மனசை அடக்குங்க, பழகப் பழகச் சரியாயிடும்” என்கிறார். என்னோடு வேலை பார்க்கும் தோழி சென்னையில் இரண்டு நாள் பயிலரங்கம் போய் வந்தாள். அங்கே உடம்பைத் தானாக நடுங்கவிடக் கற்றுத் தருகிறார்களாம். “யோகா எல்லாம் மேலோட்டம், இது உடம்புக்குள் சேர்ந்து கிடக்கிற ஸ்ட்ரெஸ்ஸையே வெளியே தள்ளிடும்” என்கிறாள். கட்டணம் 12,000 ரூபாய். யோகாவை விட்டுவிட்டு இதற்குப் போகலாமா? இன்னொன்று: போன வருடம் அப்பா ஐசியூவில் மூன்று வாரம் இருந்து தவறிவிட்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில் (மருத்துவ உளவியலாளர்):

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். சம்பந்தம் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

ஐசியூ வாசலில் மூன்று வாரம் உட்கார்ந்தவரின் உடம்பு என்னவெல்லாம் பழகியிருக்கும்? நர்ஸ் வரும் சத்தம் கேட்டால் நிமிர்ந்து உட்கார வேண்டும். நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து ஓட வேண்டும். இரும்பு நாற்காலியில் அரைத்தூக்கம். கண் அசந்த நேரத்தில் எதுவும் நடந்துவிடலாம் என்ற பயம். இப்போது அந்த வாசல் இல்லை. ஆனால் விளக்கை அணைத்துவிட்டு, அசையாமல், கண்ணை மூடி, மல்லாந்து படுங்கள் என்று ஒருவர் சொன்னதும் உங்கள் நரம்பு மண்டலம் பழையபடி காவலுக்கு நின்றுவிடுகிறது. அதோடு, அப்பா கடைசியாகப் படுத்திருந்ததும் அதே நிலையில்தான். நீங்கள் யோசிக்காமலே உங்கள் உடம்பு இதைக் கவனித்திருக்கும்.

மன அடக்கம் போதவில்லை என்று உங்கள் மாஸ்டர் நினைப்பது சரியில்லை. ஓய்வெடுக்க முயலும்போதே பதற்றம் கூடுவது உளவியலில் நன்றாகத் தெரிந்த விஷயம். ஹைடி, போர்கோவெக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1983லேயே இதைப் பற்றி எழுதினார்கள். நாள்பட்ட பதற்றம் உள்ள சிலரை இரண்டு விதமாக ஓய்வெடுக்க வைத்துப் பார்த்தார்கள். ஒன்று, தசைகளை இறுக்கித் தளர்த்துவது. மற்றது, ஒரு மந்திரத்தில் மனதை வைத்துச் சும்மா உட்கார்ந்திருப்பது. இரண்டிலுமே சிலருக்குப் பதற்றம் ஏறியது; ஆனால் சும்மா உட்கார்ந்த முறையில்தான் அதிகம் பேருக்கு ஏறியது. உங்களுக்கு நடப்பதும் ஏறக்குறைய இதுதான். கை கால் அசையும்வரை நன்றாக இருக்கிறீர்கள், அசைவு நின்றதும் படபடப்பு.

ஆகவே ‘யோகாவா, புது முறையா’ என்று கேட்பதை விட, ‘இப்போது என் உடம்புக்கு அசைவு வேண்டுமா, அசையாமை வேண்டுமா’ என்று கேட்பது உங்களுக்குப் பயன்படும். அதற்குள் போவதற்கு முன், தோழி சொன்ன பழசு, புதுசு விஷயத்தைப் பார்த்துவிடலாம்.

1888ஆம் ஆண்டில் இரண்டு பேர் பிறந்தார்கள். ஒருவர் கர்நாடகத்துக் கிருஷ்ணமாச்சாரியார். 1930களில் மைசூர் அரண்மனையில் யோகா சொல்லிக்கொடுத்தவர், பிறகு சென்னைக்கு வந்து, நூறு வயதில் இங்கேயே காலமானார். இன்று உலகம் முழுக்க வகுப்புகளில் நடக்கும் ஆசனப் பயிற்சியில் பெரும்பகுதி அவருடைய மாணவர்கள் வழியாகப் போனது. மற்றவர் சிகாகோவில் பிறந்த எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற டாக்டர். கை முஷ்டியை இறுக்கு, கவனி, விடு, மறுபடி கவனி என்று உடம்பு முழுக்கத் தசைதசையாகப் போகும் ஒரு முறையை உருவாக்கி 1929இல் புத்தகமாகப் போட்டார். கையை மடக்குவதாக மனதில் நினைத்தாலே அந்தக் கைத் தசையில் மிக நுண்ணிய மின்னோட்டம் ஓடுகிறது என்று கருவி வைத்து அளந்து காட்டியவர் அவர். பதற்றமான மனமும் தளர்ந்த தசையும் ஒரே உடம்பில் சேர்ந்து இருக்க முடியாது என்பது அவருடைய வாதம். ஆக, நவீன முறை என்று நாம் சொல்வதும் இன்றைய யோகா வகுப்பும் வயதில் ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லாதவை. நம் ஊரில் வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சி செய்தவர்களுக்குக் கடைசியில் வரும் ‘உடல் தளர்த்தல்’ தெரிந்திருக்கும். உடம்பின் ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தைக் கொண்டுபோகும் அந்த வேலையையும் ஜேக்கப்சன் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நெருங்கிய உறவு தெரியும்.

டாக்டர்கள் இவற்றைக் கலந்து பயன்படுத்தியும் ரொம்ப நாளாகிறது. 1969இல் மும்பையில் டாக்டர் தாத்தேயும் அவருடைய குழுவினரும் ரத்த அழுத்த நோயாளிகள் 47 பேருக்குச் சவாசனம் கற்றுக்கொடுத்து, அழுத்தம் குறைவதைப் பதிவு செய்தார்கள். நான்கு வருடம் கழித்து இங்கிலாந்தில் சந்திரா பட்டேல் என்ற டாக்டர், சவாசனத்தில் படுத்திருக்கும் நோயாளியின் உடம்பு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை அவரே கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி ஒரு ஒலிக்கருவியை இணைத்தார். பயோஃபீட்பேக் என்று சொல்வார்கள். அந்த ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. யோகாவும் கருவியும் ஒன்றுக்கொன்று போட்டி என்று அவருக்குத் தோன்றவில்லை.

மூச்சிலும் இதே கதைதான். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகிறது, விடும்போது மெதுவாகிறது. வெளிமூச்சு நீள நீள, உடம்பை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பு கூடுதலாக வேலை செய்கிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் இந்த ஏற்ற இறக்கம் மிக நன்றாக அமைகிறது. இத்தாலியில் ஒரு குழு 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆட்களை லத்தீனில் ஜெபமாலையும் ‘ஓம் மணி பத்மே ஹும்’ மந்திரமும் சொல்லவைத்து அளந்தபோது, இரண்டிலுமே மூச்சு அந்த ஆறுக்கே வந்து நின்றது. இன்றைக்குக் கணினித் திரையில் கோடு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே செய்யும் மூச்சுப் பயிற்சியும் அதே ஆறைச் சுற்றித்தான். 2023இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு ஆய்வு செய்தார்கள். மூக்கால் ஒரு மூச்சு இழுத்து, அதன் மேலேயே இன்னும் கொஞ்சம் இழுத்து, வாய் வழியாக நீளமாக விட வேண்டும். தினமும் ஐந்து நிமிடம், ஒரு மாதம். மூச்சைச் சும்மா கவனிக்கும் தியானத்தை விட இதைச் செய்தவர்களுக்கு மனநிலை அதிகம் மேம்பட்டது. கொஞ்சம் யோசித்தால், பாட்டிமார் உட்கார்ந்ததும் “முருகா” என்று விடுகிற பெருமூச்சுதான் இது.

சரி, நடுக்கத்துக்கு வருவோம். தோழி போனது டேவிட் பெர்செலி என்ற அமெரிக்கர் உருவாக்கிய முறையாக இருக்கலாம், அல்லது அதிலிருந்து கிளைத்த ஒன்றாக. முதலில் குதிகாலைத் தூக்கி இறக்கி, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்கார்வது போல நின்று, காலைக் களைக்க வைப்பார்கள். பிறகு மல்லாந்து படுத்து, பாதங்களைச் சேர்த்து, முழங்கால்களை விரித்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவரச் சொல்வார்கள். ஒரு கட்டத்தில் தொடை உதற ஆரம்பிக்கும். அதைத் தடுக்காமல் விட வேண்டும். துரத்தும் மிருகத்திடமிருந்து தப்பித்த மான் உடம்பை உதறிவிட்டு மறுபடி மேயப் போய்விடுகிறது, மனிதன்தான் நடுக்கத்தை அடக்கி உள்ளே வைத்துக்கொள்கிறான் என்பது இதன் பின்னணியில் உள்ள கருத்து.

மான் கதை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இடுப்புக்குள் இருக்கும் சோயாஸ் தசையில் துக்கம் பூட்டிக்கிடக்கிறது, நடுங்கினால் அது வெளியேறுகிறது என்று யாராவது சொன்னால், அதற்கு ஆதாரம் இல்லை. களைத்த தசையை ஒரே நிலையில் நிறுத்தினால் அது நடுங்கும். உங்கள் வகுப்பில் காலைத் தூக்கிப் படகு போல நவாசனத்தில் உட்காரும்போதும் வயிறும் தொடையும் உதறியிருக்குமே. சுமார் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோக பிரதீபிகையிலும் நடுக்கம் வருகிறது. பிராணாயாமத்தில் ஆரம்ப நிலையில் வியர்வை, நடு நிலையில் நடுக்கம், அதன் பிறகு நிலைத்தன்மை என்று. அதாவது யோகாவில் நடுக்கம் கடந்துபோகிற கட்டம்; இந்தப் புது முறையில் அதுவே பயிற்சி. இரண்டுக்கும் நான் பார்க்கும் உண்மையான வேறுபாடு இதுதான். யோகா உடம்பை ஒரு நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. இந்த முறைகள் உடம்பு என்ன செய்கிறதோ அதைச் செய்யவிட்டுக் கவனிக்கச் சொல்கின்றன. வாழ்க்கை முழுக்க ‘நேராக உட்கார், அழாதே’ என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த அனுமதியே பெரிய விஷயம்.

தோழிக்குக் கிடைத்த நிம்மதியை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். இரண்டு நாள் கால் களைக்கப் பயிற்சி, கேள்வி கேட்காமல் அழ ஒரு இடம், ஸ்விட்ச் ஆஃப் செய்த போன், டார்கெட் பேசாத மனிதர்கள். வங்கியில் வேலை பார்ப்பவருக்கு இதில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அந்த முறைக்கென்று நடந்த ஆய்வுகள் மெலிந்தவை. உடல் உணர்வை வைத்து அதிர்ச்சியைக் கையாளும் பீட்டர் லெவினின் முறைக்குக் கொஞ்சம் பரவாயில்லை. இஸ்ரேலில் 63 பேரை வைத்து 2017இல் வெளியான ஒரு ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் அது தனியாக ஒரு சிகிச்சையாளரோடு பதினைந்து வாரம் உட்கார்ந்து, உணர்வு பொங்குவதற்கு முன்பே நிறுத்தி நிறுத்திச் செய்வது. ஹாலில் பாய் விரித்துக் கூட்டமாகச் செய்வது வேறு.

யோகாவுக்கு ஆதாரம் இதைவிட அதிகம். உங்களுக்கு நெருக்கமான ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெசல் வான் டெர் கோல்க் என்ற மனநல மருத்துவரின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், பல சிகிச்சை பார்த்தும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் (PTSD) போகாத 64 பெண்கள் இருந்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு வாரம் ஒரு மணி நேரம், பத்து வாரம் யோகா. முடிவில் யோகா செய்தவர்களில் 52 சதவீதம் பேர் அந்த நோய்க்கான வரையறைக்கு வெளியே வந்திருந்தார்கள். உடல்நலக் கல்வி வகுப்புக்குப் போன மற்றப் பாதியில் 21 சதவீதம். கவனிக்க வேண்டியது, அது உங்கள் வகுப்பு மாதிரியான யோகா இல்லை. அங்கே ஆசிரியர் தொட்டுத் திருத்த மாட்டார். ‘கண்ணை மூடுங்கள்’ என்று சொல்ல மாட்டார். மூட விரும்பினால் மூடலாம், திறந்தும் வைக்கலாம் என்பார். எந்த ஆசனத்திலிருந்தும் எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம்.

அதனால் என் கருத்து: யோகாவை விட வேண்டாம், பயிலரங்கத்துக்கு இப்போது போக வேண்டாம். துக்கம் ஒரு வருடம்கூட ஆறாத நிலையில், ஒரு பயிற்சியாளர் முப்பது பேரைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் உங்களுக்கு எதாவது பொங்கி வந்தால், ஞாயிறு மாலை பஸ் ஏறி நீங்கள் தனியாகத்தான் ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

வகுப்பில் செய்ய வேண்டிய மாற்றம் சின்னது. சவாசன நேரத்தில் நீங்கள் சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணைத் திறந்து உட்காருங்கள். அல்லது ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள். வாசல் கண்ணில் படும்படி இடம் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும், காவலில் இருக்கும் நரம்புக்கு அது பெரிய ஆறுதல். மாஸ்டரிடம் காரணம் விளக்க வேண்டியதில்லை, “டாக்டர் மல்லாந்து படுக்க வேண்டாம்னு சொல்லியிருக்கார்” என்றால் போதும். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுகளையும் கொஞ்ச காலம் தள்ளிவையுங்கள். படபடப்பு உள்ளவர்களுக்கு அவை அதே உணர்வைத் தூண்டிவிடும்.

வீட்டில், இரவு படுப்பதற்கு முன் ஜேக்கப்சன் முறை. நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். வலது முஷ்டியை இறுக்குங்கள், ஐந்து நொடி. முழு பலத்தில் வேண்டாம், முக்கால் பங்கு போதும். மூச்சை அடக்காதீர்கள். சட்டென்று விடுங்கள். விட்ட பிறகு இருபது, முப்பது நொடி ஒன்றும் செய்யாமல் அந்தக் கையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: சூடு, கனம், லேசான குறுகுறுப்பு. எல்லோரும் இறுக்குவதை நன்றாகச் செய்துவிட்டு இந்த முப்பது நொடியை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். பயிற்சி இருப்பது அங்கேதான். அப்புறம் இடது கை, தோள்களைக் காதுவரை தூக்குவது, நெற்றி, வயிறு, தொடை, கெண்டைக்கால். தாடைக்கு மட்டும் பல்லைக் கடித்து இறுக்க வேண்டாம், அந்த வேலையை நீங்கள் ராத்திரி முழுக்கச் செய்கிறீர்கள். வாயை மெதுவாகத் திறந்து மூடினால் போதும். கழுத்து எலும்புத் தேய்மானம் இருந்தால் கழுத்தையும் விட்டுவிடுங்கள்.

ஆபீஸில் ஒன்றே ஒன்று. உதடு மூடியிருக்கட்டும், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடாமல் இருக்கட்டும், நாக்கு நுனி மேல் பற்களுக்குப் பின்னால் லேசாகத் தங்கட்டும். பாஸ்வேர்டு அடிக்கும் ஒவ்வொரு முறையும் பல் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வங்கி சாஃப்ட்வேர் அடிக்கடி லாகவுட் ஆவதில் இப்படி ஒரு நன்மை இருக்கட்டும்.

எந்தப் பயிற்சியும் மார்ச் மாத டார்கெட்டைக் குறைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த முறைகள் எல்லாமே, பழையதோ புதியதோ, உடம்பை மட்டும் பார்க்கின்றன. உங்கள் தோளில் உட்கார்ந்திருப்பதில் ஒரு பங்கு வேலைச்சுமை. விடுப்பு, பிரிவு மாற்றம் என்று பேச வேண்டியதை மேலாளரிடம்தான் பேச வேண்டும். இன்னொரு பங்கு அப்பா. அவரைப் பற்றி யாரிடமாவது முழுதாகப் பேசியிருக்கிறீர்களா? தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற அரசின் டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. படபடப்பு சவாசனத்துக்கு வெளியிலும் வர ஆரம்பித்தாலோ, ஐசியூ காட்சிகள் தானாக வந்து போனாலோ, தள்ளிப்போடாதீர்கள்.

மூன்று, நான்கு மாதம் கழித்தும் பயிலரங்கம் போக ஆசை இருந்தால் போங்கள், தடை இல்லை. பணம் கட்டுவதற்கு முன் போனில் கேளுங்கள்: நடுவில் எனக்கு அழுகையோ பயமோ கட்டுக்கடங்காமல் வந்தால் யார் கூட இருப்பார்கள், அவருக்கு மனநலத் துறையில் என்ன படிப்பு? “அழுகை வந்தால் நல்லதுதானே, வெளியே வரட்டும்” என்பது மட்டுமே பதிலாக இருந்தால் அந்த 12,000 உங்களிடமே இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக இந்த வாரம் ஒரு ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுத்துவிடுங்கள். 41 வயதில் படபடப்பு என்றால் தைராய்டையும் ஹீமோகுளோபினையும் பார்க்காமல் எல்லாவற்றையும் மனதின் தலையில் கட்டுவது சரியில்லை. பல் டாக்டரையும் பாருங்கள். பல் தேய்ந்திருந்தால் இரவில் மாட்டிக்கொள்ள ஒரு கவசம் செய்து தருவார். தாடை வலிக்கு அதுவே பாதி மருந்தாக அமையலாம்.